லிமுங்கா போட்ட அறுபத்தேழு

சந்தைக்குப் போய்வந்த கதையை லிமுங்காவிடம் தெரியாமல் கேட்டுவிட்டால் போதும், அன்றைய வேலை கெட்டது. டாக்சி பிடித்ததில் ஆரம்பிப்பாள். டிரைவர் போட்டிருந்த சட்டை, பக்கத்தில் உட்கார்ந்தவளின் மைத்துனன், அவன் விட்டுவிட்ட வேலை என்று போய்க்கொண்டே இருக்கும். வாங்கப் போன தக்காளி வரும்போது கேட்கிறவனுக்குப் பசி எடுத்துவிடும். இப்படிப் பேசுகிறவள் புரோகிராம் எழுத உட்கார்ந்தால் மகா கஞ்சம். ஒரு எழுத்தைக் கூடுதலாகச் செலவழிக்க மனசே வராது.

மலையடிவாரத்தில் எங்கள் ஊர். அங்கே மொலிகோ சாலையில் ஒரு துணிக்கடைக்கு மேலே எங்கள் அறை. சனிக்கிழமை தோறும் அங்கே கூடுவோம். எல்லாருக்கும் ஒரே கணக்கு. அதற்கு யார் மிகக் குறைந்த எழுத்துகளில் புரோகிராம் எழுதுகிறார்கள் என்பதுதான் போட்டி. புள்ளியும் ஓர் எழுத்து, இடைவெளியும் ஓர் எழுத்து. இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நான் விட்டுவிட்டேன். பந்தை உதைப்பதால் என்ன பிரயோஜனம் என்று அவர்களை யாராவது கேட்கிறார்களா?

பள்ளிக்கூடங்களுக்குக் கட்டண மென்பொருள் எழுதுவது லிமுங்காவின் பிழைப்பு. அங்கே தலைமையாசிரியர்கள் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் நீட்டிக்கொண்டே போக வேண்டும். அந்த எரிச்சலையெல்லாம் எங்கள் அறையில்தான் வந்து தீர்த்துக்கொள்வாள். சனிக்கிழமை இல்லையென்றால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

வாரம் முழுக்க வாட்ஸ்அப் குழுவில் எத்தனை எழுத்து என்ற எண்ணை மட்டும் போடுவோம். புரோகிராமைச் சனிக்கிழமைதான் காட்டுவோம். இரண்டு பேருக்கு ஒரே எண் வந்தால் முதலில் போட்டவருக்கு வெற்றி. கையில் புரோகிராம் இல்லாமல் யாரும் எண் போடக் கூடாது, போட்டால் வெளியே போக வேண்டியதுதான். இந்தக் கடைசி விதி அச்சிரி கொண்டுவந்தது. அவன் வெளியூர், பமெண்டா பக்கத்துக்காரன், வங்கியில் வேலை. எங்கள் அறையையும் வங்கி என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரக் கணக்கு ஒரு மலை. எத்தனை வரி உயரம் என்று சொன்னால் அந்த உயரத்துக்கு நட்சத்திரக் குறிகளால் மலை வரைய வேண்டும், நடுவில் ஒரு மேகமும் வர வேண்டும். எங்கள் ஊர் மலை மேகமில்லாமல் தெரிகிற நாள் ஏது? லிமுங்கா எழுபத்திரண்டு போட்டாள். மறுநாள் அச்சிரி எழுபத்தொன்று போட்டு, கீழே ஒரு வரியும் சேர்த்தான்: “வாயிலதான் சிக்கனம் இல்ல, இதுலயுமா அக்கா?”

அன்றைக்கு அடைமழை. அவள் வீட்டில் கரண்ட் இல்லை. ஒரு தலைமையாசிரியர் வேறு போனில் வறுத்தெடுத்திருக்கிறார். அந்த ஆத்திரத்தில் அறுபத்தேழு என்று தட்டிவிட்டாள். கையில் ஒன்றும் கிடையாது. சனிக்கிழமைக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு தைரியம்.

எங்கள் ஆட்டத்தில் எண் ஒரு பொல்லாத வஸ்து. யாரும் எட்டாதவரை இதற்குமேல் முடியாது என்று சத்தியம் செய்வோம். ஒருத்தர் எட்டிவிட்டார் என்று தெரிந்தால் மூடிய கணினியை மறுபடி திறப்போம். அச்சிரி வயிற்றுவலி என்று வங்கிக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தான். வெள்ளிக்கிழமை அவனும் அறுபத்தேழு போட்டான். நான் எழுபதில் நின்றேன். லிமுங்கா மட்டும் அதே எழுபத்திரண்டில் கிடந்தாள். தவறாகப் போட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அதை அச்சிரி படிப்பானே என்றுதான் எழுதவில்லை.

சனிக்கிழமை, ஜெயித்தவர் முதலில் காட்டுவதுதான் வழக்கம். அச்சிரிக்குப் பொறுக்கவில்லை. தன்னுடையதை அவனே புரொஜெக்டரில் சுவரில் போட்டான். நாங்களெல்லாம் மலையை வரைந்து மேகத்தை ஒட்டிக்கொண்டிருந்தோம். அவன் முழுக்க மேகமாகப் போட்டு அதற்குள் மலையைச் செதுக்கியிருந்தான். அத்தனை அழகு. எல்லாரும் கைதட்டினோம்.

“உன்னோடதும் இதே வழிதானா லிமுங்கா?” என்று கேட்டேன்.

தலையை ஆட்டினால் போதும். வெற்றி அவளுக்கு, யாரும் சரிபார்க்கப் போவதில்லை. அவள் தலையை ஆட்டவில்லை. செவ்வாய்க்கிழமை மழையில் ஆரம்பித்தாள். கரண்ட் போனது, தலைமையாசிரியர், அவர் பெண்டாட்டி என்று சுற்றிச் சுற்றி வந்தாள். தட்டிலிருந்த பஃப்-பஃப் என்ற பொரித்த மாவுருண்டைகள் ஆறிப்போயின. கடைசியில்தான் அந்த எழுபத்திரண்டு வெளியே வந்தது.

“அப்ப அந்த அறுபத்தேழு?” என்றான் அச்சிரி.

“பொய் தம்பி. சுத்தப் பொய்.”

“இந்தப் பொய்க்காகவா நான் வயித்துவலின்னு பேங்க்ல பொய் சொன்னேன்?”

அவர்கள் இருவரையும் தவிர எல்லாரும் சிரித்தோம். ஆனால் விதி இருக்கிறதே. விதி விதிதான் என்று அச்சிரி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். லிமுங்கா குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். எனக்கு அவன்மேலும் கோபம், அவள்மேலும் கோபம்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளை என்னவென்று சொல்வது? ஆளுக்கொரு எண் போடுவோம், போட்டதிலேயே திருப்திப்படுவோம், கீழே போய் சோயா என்று விற்கிற, கம்பியில் குத்திச் சுட்ட இறைச்சியைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவோம். உப்பில்லாத சமையல் மாதிரி இருந்தது. ஒரு வாரம் எல்லாரும் ஐம்பத்துமூன்றில் வந்து நின்றோம். இதற்குமேல் முடியாது என்று ஒருவருக்கொருவர் உறுதி சொல்லிக்கொண்டோம்.

அச்சிரி ஜன்னலோரம் நின்று போனில் எதையோ எழுதி, அழித்து, மறுபடி எழுதினான். அனுப்புவதற்கு முன் “மோலா” என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். எங்கள் ஊரில் நண்பனை அப்படித்தான் கூப்பிடுவோம்.

“அக்கா, எல்லாரும் அம்பத்திமூணுல நிக்கிறோம். ஒரு நம்பர் சொல்லுங்க. பொய்யா இருந்தாலும் பரவால்ல.”

அனுப்பு என்றேன். பதில் வந்தது: 49.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அது நிஜமா என்று அறையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அச்சிரி அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

“நாலு எழுத்து எங்கயோ ஒளிஞ்சிருக்கு மோலா. வா, தேடுவோம்.”