காற்று கெட வேண்டும்

என் கணவருக்கு எந்த நாளில் கடல் ஆசை வரும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அலை முன்னறிவிப்புச் சொல்லும் இணையப் பக்கம் ஒன்றில் அவர் பதிந்தபோது, தன் மின்னஞ்சலின் பாஸ்வேர்ட் மறந்துபோய் என்னுடையதைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து தென்சீனக் கடலில் நல்ல அலை ஒன்று கிளம்பினால் என் கைப்பேசி மணியடிக்கிறது.

அந்த வியாழக்கிழமை மணியடித்தபோது நான் டுரியான் துங்காலுக்குப் பக்கத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து, இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல்களோடு என்னை அங்கே அழைத்து வந்திருந்தார்கள். அவர் புக்கிட் காத்திலில் எங்கள் வீட்டில் தனியாக இருந்தார்.

பக்கத்தைத் திறந்தேன். சனிக்கிழமை காலை தலையளவு அலை, அலைக்கும் அலைக்கும் நடுவே நல்ல இடைவெளி, கரையிலிருந்து மெல்லிய காற்று, கடல் சுத்தம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், அரைக்கால் சட்டை போதும், தவறவிட வேண்டாம் என்று உபசாரம் வேறு. கீழே பச்சை நட்சத்திரங்கள். அம்மா எனக்கு வெந்நீர் வைக்கும்போது கை விட்டுப் பார்த்து, "வெதுவெதுப்பா இருக்கு, வா" என்பார். அதே வார்த்தையைச் சொல்லி என் புருஷனையும் யாரோ கூப்பிடுகிறார்களே என்று எரிச்சலாக வந்தது.

மலாக்காவில் பிறந்தவர்களுக்கு அலை என்றால் என்னவென்றே தெரியாது. எங்கள் நீரிணை குளம் மாதிரி கிடக்கும். கப்பல் போனால் ஒரு சுருக்கம் விழும், அவ்வளவுதான். இவரும் எஸ்டேட்டில் பிறந்தவர்தான், ரப்பர் பால்வெட்டுக் குடும்பம். ஆயர் குரோ தொழிற்சாலையில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறார். கம்பெனி ஒரு தடவை எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிக் குவாந்தானைத் தாண்டி ஒரு கடற்கரைக்குக் கூட்டிப்போனது. மற்றவர்கள் கோழி வாட்டிச் சாப்பிட்டார்கள். இவர் வாடகைக்கு ஒரு அலைச்சறுக்குப் பலகை எடுத்து, பத்து முறை விழுந்து, ஒரு முறை எழுந்து நின்றார். மூன்று விநாடி நின்றிருப்பார். அந்த மூன்று விநாடி என் கல்யாண வாழ்க்கையில் பாதியைத் தின்றுவிட்டது.

கல்யாணமான புதிதில் எனக்கும் சொல்லிக் கொடுத்தார். அங்கே அலை மணல் திட்டில் மோதி உடைகிறது. திட்டு வாரத்துக்கு வாரம் இடம் மாறும். கரையிலிருந்து கடலைப் பார்த்துக் காற்று வீசினால் அலையின் முகம் நிமிர்ந்து, வழவழவென்று நிற்கும். கடலிலிருந்து கரைக்கு வீசினால் அலை நொறுங்கி நுரையாகிவிடும், பலகைக்காரர்கள் திட்டிக்கொண்டே கரையேறிவிடுவார்கள். உடைந்த தண்ணீர் திரும்பிப் போக ஒரு வாய்க்கால் வெட்டிக்கொள்ளும். குளிக்க வந்தவர்களை இழுத்துக்கொண்டு போய்க் கொல்வது அதுதான். "அது எங்களுக்கு லிஃப்ட் மாரிலா, கை வலிக்காம உள்ள கொண்டுபோய் விட்டுரும்" என்பார் இவர். 

கரு தங்கியது தெரிந்த அன்றே அம்மா சட்டம் போட்டுவிட்டார். "வயித்துப்புள்ளக்காரி புருஷன் கடல்ல எறங்கக்கூடாது. முடி வெட்டக்கூடாது. பொணத்துக்குப் பின்னால போவக்கூடாது. சொல்லி வை." நான் சிரித்தேன். நான் டிப்ளோமா படித்தவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஐந்தாம் மாதம் பிள்ளை உள்ளே ஒரு புரளு புரண்டது. அதோடு என் சிரிப்பு நின்றுவிட்டது. நம்பிக்கை வந்தது என்று சொல்ல மாட்டேன், பயம் வந்தது. பயத்துக்கு டிப்ளோமா ஒரு பொருட்டா?

வளைகாப்பு அன்று அவருடைய அம்மாவும் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். "புள்ள பொறக்குற வரைக்கும் அந்தப் பலகையத் தொட மாட்டேன்னு சொல்லுடா." அவர் கையில் சந்தனக் கிண்ணத்தோடு, வளர்ந்த தாடியோடு நின்றுகொண்டு, "தொட மாட்டேன்" என்றார். நல்ல அலையெல்லாம் வடகிழக்குப் பருவக் காற்றோடு வருவது. வருஷத்தில் அந்த நாலு மாதம்தான். அவர் ஒவ்வொரு காலையும் முன்னறிவிப்பைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், வேலைக்குப் போவார். விரதம் இருக்கிறவன் பிரியாணிக் கடை வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும். பாவமாகவும் இருக்கும், கோபமாகவும் இருக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கி வர்றீங்களா?"

"நாளைக்கி ஓவர்டைம்லா. ஞாயித்துக்கெழம வந்துர்றேன்."

"ஓவர்டைமா?"

"ஆமாம்மா. மூணாம் லைன்ல மெஷின் ரோசாக்."

ரோசாக் என்றால் பழுது. பழுது மெஷினில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பார், அதையும் நான் தாங்க வேண்டும். நல்லா சாப்பிடுங்க என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் அழைத்தேன். அவர் கைப்பேசி அணைத்திருந்தது. புக்கிட் காத்திலில் பக்கத்து வீட்டு அக்காவை அழைத்தேன். "இருட்டோட கார் மேல பலகையக் கட்டிக்கிட்டுப் போனாரே, ஒனக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் என்று சொன்னேன். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை. மணிக்கணக்காக அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை, பச்சை, எல்லாம் பச்சை. கூடத்தில் தொலைக்காட்சியில் மலாய்ச் செய்தி ஓடியது. கிழக்குக் கரையில் கடல் கொந்தளிப்பு, சிறு படகுகள் போக வேண்டாம், பொதுமக்கள் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று சிவப்புப் பட்டையில் எழுத்து நகர்ந்தது. கடல் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். ஒருத்தர் இறங்காதே என்கிறார், இன்னொருத்தர் நட்சத்திரம் குத்துகிறார். நட்சத்திரம் குத்துகிறவன் கையில் கிடைத்தால் அறைந்திருப்பேன்.

எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை காற்று. நண்பகலில் காற்று திரும்பும், கடலிலிருந்து கரைக்கு வீசும் என்று பக்கத்தில் போட்டிருந்தது. காற்று கெட்டால் அலை கெடும். அலை கெட்டால் இவர் கரையேறிவிடுவார். கோயிலில் எதற்கெல்லாமோ வேண்டியிருக்கிறேன். காற்று கெட வேண்டும் என்று அன்றைக்குத்தான் வேண்டினேன். முருகா, அங்கே கடலைக் கலைத்துவிடு, அலையை நொறுக்கிவிடு, ஒன்றையும் நல்லதாக விட்டுவைக்காதே என்று கெஞ்சினேன். சன்னலுக்கு வெளியே செம்பனை மட்டை ஒன்றுகூட அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. நண்பகலில் திரும்ப வேண்டிய காற்று இனிச் சாயங்காலம்தான் திரும்புமாம். இன்று முழுவதும் அருமை என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள். 

"என்னா அந்தப் போனையே பாத்துக்கிட்டு? கண்ணு கெட்டுரும், வச்சுட்டு வந்து கஞ்சியக் குடி" என்று அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போட்டார். வர்றேம்மா என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அந்தக் கடற்கரையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மலாய்க்கார அக்கா ஞாபகத்துக்கு வந்தார். கல்யாணமான வருஷம் நானும் அங்கே போயிருந்தேன். கெரோப்போக் என்னும் மீன் அப்பளம் வாங்கிப் பழக்கமாகி, அவர் எண்ணை வாங்கி வைத்திருந்தேன். காக் என்றுதான் கூப்பிடுவேன். அழைத்தேன். என் கணவர் அங்கே வந்தாரா என்று மலாயில் கேட்டேன். பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது, பாதி வார்த்தை விழவில்லை.

"அடா, அடா," என்றார் காக். அடா என்றால் இருக்கிறார் என்று பொருள், வந்திருக்கிறார். அப்புறம், "தாப்பி பெலும் நாயெக் லாகி. டாரி பாகி" என்றார். இணைப்பு அறுந்துவிட்டது.

தாப்பி என்றால் ஆனால், பெலும் என்றால் இன்னும் இல்லை. டாரி பாகி என்றால் காலையிலிருந்து. நாயெக் என்பது எங்கள் வாயில் தினமும் புழங்கும் சொல். பஸ்ஸில் ஏறினாலும் நாயெக், விலை ஏறினாலும் நாயெக், சம்பளம் கூடினாலும் நாயெக். மேலே வருவது எல்லாமே நாயெக்தான். என் கணவர் தண்ணீருக்குள் போனவர், காலையிலிருந்து இன்னும் மேலே வரவில்லை.

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. எழுந்த வேகத்தில் கை கதவு நிலையில் இடித்து வளையல்கள் சிதறின. அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

"என்னாடி? வலியா?"

"அவரு கடல்ல எறங்கிட்டாரும்மா. காலையிலேர்ந்து மேல வரலயாம். வளையலும் ஒடஞ்சு..."

அம்மா என் வாயைப் பொத்தினார். அவர் கண் என் முகத்தில் இல்லை, தரையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளில் இருந்தது. வளையல் உடைப்பது எந்த வீட்டில், எந்த நாளில் என்று எங்கள் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். "ஒடஞ்சிருச்சுன்னு சொல்லாத. பெருகிருச்சுன்னு சொல்லு. வாயத் தொறந்து சொல்லுடி." 

"பெருகிருச்சு," என்றேன். சொல்லிவிட்டுச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தேன். என்னால் அழவும் முடியவில்லை.  வயிற்றுக்குள் பிள்ளை ஒரு உதை விட்டது. இந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்லப்போகிறேன்? உங்கப்பன் ஒரு நல்ல அலைக்காக உன்னை விட்டுட்டுப் போனான் என்றா? அவர் செத்துப்போன துக்கத்தைவிட அவர்மேல் இருந்த ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. சத்தியம் பண்ணினாரே, எல்லார் முன்னாலும் சந்தனம் ஏந்திக்கொண்டு சத்தியம் பண்ணினாரே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அம்மா துண்டுகளை முந்தானையில் பொறுக்கிக்கொண்டே விசும்பினார்.

கைப்பேசி அடித்தது. காக் எண். எடுக்கப் பயந்து அம்மாவிடம் நீட்டினேன். அம்மா தலையை ஆட்டிப் பின்வாங்கினார். நானே எடுத்தேன். காக் மூச்சிரைத்துக்கொண்டிருந்தார். மணலில் ஓடியிருக்கிறார். "நா, ச்சாகாப்," இந்தா பேசு என்று சொல்லி யாரிடமோ கொடுத்தார்.

"என்னம்மா? வலி வந்துருச்சா? ஆஸ்பத்திரிக்குப் போயாச்சா?" என் கணவரின் குரல்.

"நீ எங்கடா இருக்க?" என்றேன். கல்யாணமாகி அதுவரை அவரை நீ என்று சொன்னதில்லை, டாவும் போட்டதில்லை.

"இங்கதான்... மணல்ல. எறங்கலம்மா. சத்தியமா எறங்கல. காலையிலேர்ந்து பாத்துக்கிட்டேதான் ஒக்காந்துருக்கேன்."

"பெலும் நாயெக்னு சொன்னாங்களே!"

"கடை மேட்டுலலா இருக்கு. சாப்பிடக்கூட மேல வரலன்னு சொல்லியிருப்பாங்க."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. 

"போனை எதுக்கு அமத்தி வச்சீங்க?" என்று கடைசியில் கேட்டேன்.

"நீ கூப்புட்டா மறுபடி பொய் சொல்லணும்."  பிறகு அவர் அழுவது கேட்டது. "ஒன்னொன்னா போவுதும்மா. அவ்ளோ அழகா வருது. நான் பாட்டுக்கு ஒக்காந்துருக்கேன்."

"எறங்காதவரு எதுக்கு அவ்ளோ தூரம் போனீங்க?"

"வராம இருக்க முடியல."

சாயங்காலம் நேராக அம்மா வீட்டுக்கே வந்தார். கார் கூரையில் பலகை கட்டியிருந்தது. அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். அவர் அறைக்குள் வந்து என் முன்னால் நின்றார். சட்டை காய்ந்திருந்தது, கால்சட்டை காய்ந்திருந்தது. நாலு மணி நேரம் கார் ஓட்டி வந்தவருக்கு எதுதான் காயாது? எறங்கல, எறங்கல என்று மறுபடியும் சொன்னார். குனியச் சொன்னேன். சட்டைக் காலரை விலக்கி, பிடரியில் நாக்கை வைத்தேன்.

உப்புக் கரித்தது.

காரில் ஏர்கான் இல்லை, வழியெல்லாம் வியர்த்திருப்பார். நாள் முழுக்க அலைக்கு எதிரே உட்கார்ந்தால் கடல் காற்றே உப்பைப் பூசிவிடும். என் உதட்டிலும் அன்றைக்கு அழுத உப்பு இருந்தது. வெளியே போய்ப் பலகையைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். பையைத் திறந்து துண்டைப் பார்த்திருக்கலாம். கடைக்கார அக்காவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் அசையாமல் குனிந்தபடியே நின்றார்.

"என்னம்மா?" என்றார்.

"ஒன்னுமில்ல," என்றேன். "மொதல்ல போய்க் குளிங்க."