மாப்பிள்ளையிடம் கேட்காமல் கழற்றிய போல்ட்டு

காருக்கு அடியில் மல்லாந்து படுக்கத் தெரிந்துவிட்டால் மெக்கானிக் வேலையில் பாதி வந்துவிட்டது. மீதிப் பாதியில்தான் மானம் போகும். வயதான காலத்தில் புதுசாக ஒன்றைக் கற்கப் போய் மூக்குடைபட்ட அன்பர்களே, நீங்களெல்லாம் நம்ம கட்சி.

சேர்ந்த அன்று

ராஜபாளையத்தில் நூல் மில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நூல் சுற்றும் ஆயிரம் கதிர் ஓடுகிற இரைச்சலில் எந்தக் கதிருக்கு ஜலதோஷம் என்று வாசலில் நின்றே சொல்வேன். நம்பாதவர்கள் அந்தக் கதிரையே கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் இருப்புக் கொள்ளாமல், ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் மாப்பிள்ளை முருகேசன் நடத்தும் கார் ஒர்க்‌ஷாப்பில் தொழில் பழகப் போனேன். பாவம், மாமனாரை வேலை வாங்குவது எப்படி என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? ஸ்பேனரைக்கூடத் தாம்பூலம் மாதிரி இரண்டு கையாலும் நீட்டுவார். என் மகள்தான் கறாராகச் சொன்னாள்: "எப்பா, ஒரே ஒரு வண்டி உங்க கையால கெட்டாலும், பொறவு ஒர்க்‌ஷாப் பக்கமே போகப்படாது. வீட்ல டீவிதான்!"

மாப்பிள்ளையின் காது

கிருஷ்ணன்கோவிலில் இருந்து ஒருவர் வந்தார். வளைவில் திரும்பினால் பின்னால் 'டொக்கு டொக்கு' என்று சத்தமாம். நான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஆக்சில் போச்சு" என்று தீர்ப்புச் சொன்னேன். மாப்பிள்ளை வண்டியை எடுத்து ஒரு வட்டம் அடித்தார். டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னி டயருக்குள் கையை விட்டு ஒரு தேங்காயை எடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு உடைக்க வாங்கியது, டயருக்குள் உருண்டு விழுந்திருக்கிறது.

வந்தவர் தேங்காயைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "பெரியவரே, உங்க ஆக்சிலை வீட்டம்மாகிட்டக் கொடுத்துச் சட்னி அரைக்கச் சொல்லுதேன்!"

தேன் நிற ஆயில்

முருகேசனுக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்த டீச்சரம்மா ஒருநாள் காலையில் காரோடு வந்தார். மாப்பிள்ளை சாமான் வாங்க பஜாருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "மாமா, டீச்சர் வண்டிக்கு இன்ஜின் ஆயில் மாத்திருங்க. தெரியும்லா?" என்றார். "இது தெரியாதா மாப்ளே!" என்றேன்.

அடியில் போய்ப் படுத்தால் போல்ட்டு ஒன்றில்லை, இரண்டு. ஒரு போன் போட்டால் தீர்ந்தது. ஆனால் பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, 'எதைக் கழற்ற?' என்று கேட்பதா? பார்க்க லட்சணமாக இருந்ததைக் கழற்றினேன். தேன் மாதிரி தெளிவாக இறங்கியது. டீச்சரம்மா வண்டியை என்ன சுத்தமாக வைத்திருக்கிறார் என்று மெச்சிக்கொண்டே போல்ட்டை முடுக்கி, மேலே புது ஆயிலை ஊற்றினேன்.

டீச்சரம்மாவுக்கு வாயெல்லாம் பல். "முருகேசனைவிட நீங்க வேகம் அய்யா! எம் மகன் மிலிட்டரியில இருந்து இன்னைக்கு லீவுல வாரான். மத்தியானம் மதுரை ஏர்போர்ட்ல நிக்கணும்."

புகை பிடித்துப் போனது

திரும்பி வந்த மாப்பிள்ளை தட்டில் கிடந்த ஆயிலைப் பார்த்தார். விரலால் தொட்டு மோந்தார். முகம் மாறிவிட்டது. "மாமா, பைக்ல ஏறுங்க" என்றார், அவ்வளவுதான்.

போகிற வழியில்தான் விஷயம் தெரிந்தது. நான் இறக்கியது கியர் ஆயில். கியர்பாக்ஸ் வறண்டு கிடக்க, இன்ஜின் பழைய ஆயிலும் புது ஆயிலுமாக மூழ்கிக் கிடந்தது. வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. புகையைப் பிடித்துக்கொண்டே போனோம். அன்றைய புகை மலை ஏறிக் கேரளாவில் மழையாகப் பெய்ததாகக் கேள்வி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் கோயில் பக்கம் கார் ஊளையிட்டபடி நின்றிருந்தது. என் கண்ணுக்கு வீட்டு டீவி தெரிந்தது. "ஏலே முருகேசா, என்னலே பண்ணி வச்சிருக்க?" என்று டீச்சரம்மா இடுப்பில் கை வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முன்னால் வந்து நின்றார். "தப்பு என்னுது டீச்சர். நான் கூட இருந்து பார்த்திருக்கணும்."

கூட்டாளியின் டாக்சியை வரவழைத்து அவரை மதுரைக்கு அனுப்பினார். பிறகு ரோட்டோரத்திலேயே படுத்து, இன்ஜினில் அதிகமாக இருந்ததை இறக்கி, கியர் ஆயில் ஊற்றி, வண்டியை ஓட்டிக் காது கொடுத்தார். ஊளை அடங்கியிருந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சாயங்காலம் மகனோடு வந்து காரை எடுத்த டீச்சரம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாப்பிள்ளையிடம் சொன்னார்: "நாலாங்கிளாஸ்லயும் பக்கத்துப் பய செஞ்ச தப்புக்கு நீதாம்லே எந்திரிச்சு நிப்ப!"

மஞ்சள் பொட்டு

மறுநாள் நானாகவே டீவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் பைக் ஹாரன். மாப்பிள்ளை என்னை ஏற்றிக்கொண்டு போனார். ஒர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்ற ஒரு கார் நின்றது. அடியில் படுத்துப் பார்த்தால், ஒரு போல்ட்டில் மட்டும் மஞ்சள் பெயிண்டில் பொட்டு.

மாப்பிள்ளை வேறு பக்கம் பார்த்துக்கொண்டே ஸ்பேனரை இரண்டு கையாலும் நீட்டினார். "எனக்கு இப்பல்லாம் மறதி மாமா, இன்ஜின் போல்ட்டு எதுன்னு குழம்பிருது. அதான் பொட்டு வச்சேன். நீங்க கழட்டுங்க."

பத்துப் பொருத்தம் பார்த்துத்தான் பெண் கொடுத்தேன். மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் உள்ள பதினோராவது பொருத்தம் காருக்கு அடியில் மல்லாந்து படுத்த பிறகுதான் தெரிந்தது.