நுளம்புக்குள் ஒரு குடித்தனம்

முதலில் வலித்தது கண் அல்ல, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் இடம். அப்படி ஓர் இடம் எனக்கு உண்டென்று அதுவரை தெரியாது. கரும்பலகையில் கூட்டல் கணக்கு எழுதிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். விழிகள் திரும்பின, அந்த இடம் திரும்பவில்லை. பிறகு குளிர். பிறகு எலும்புகளை யாரோ ஒவ்வொன்றாய்க் கழற்றி மாற்றிப் பூட்டுவது போல ஒரு நோவு.

இதே காய்ச்சலில் கிடப்பவர்களுக்கும், அவர்களின் கட்டிலருகே நிற்பவர்களுக்கும் எழுதுகிறேன். அழகாக எழுத மனமில்லை. இந்த நோய் அழுகலாகத்தான் இருந்தது.

மலையகத்தில், கினிகத்தேனைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகள்), கடைசிக் காம்பிராவில் (அறையில்) நானும் கணவர் சிவலிங்கமும் இருக்கிறோம். அவர் ஆட்டோ ஓட்டுகிறார். டெங்கு என்றால் எங்களுக்குக் கொழும்பு. குளிருக்குப் பயந்து அது மலையேறாது என்று நம்பிக்கை. யாருக்காவது காய்ச்சல் என்றால் “கொழும்புக்குப் போனீங்களா?” என்பதுதான் முதல் கேள்வி. நான் போகவில்லை. ஆகவே இது டெங்கு இல்லை. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். நோவு தாங்காமல் கடையில் ஒரு வலிக் குளிசை வாங்கி விழுங்கினேன். (டெங்கு என்ற சந்தேகம் இருந்தால் பரசிட்டமோல் தவிர வேறு வலிக் குளிசை கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.)

ஒரு காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. நெற்றி குளிர்ந்து கிடந்தது.

காய்ச்சல் விட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஊற்றாதவரை நோயாளி, ஊற்றிவிட்டால் நோய் முடிந்தது. பக்கத்துக் காம்பிரா பாக்கியம் அக்கா வேப்பிலை போட்டு வெந்நீர் வைத்தார். அவரே முதுகு தேய்த்துவிட்டார்.

“மூஞ்சி தெளிஞ்சிருச்சு டீச்சர். நாளைக்கே ஸ்கூலுக்குப் போயிரலாம்.”

எனக்கும் அப்படித்தான் இருந்தது. உடம்பு பஞ்சு மாதிரி லேசாகியிருந்தது. அந்த லேசு என்னவென்று பிற்பகலில் தெரிந்தது. வயிறு பிசைந்தது. குடித்த கஞ்சி, கொத்தமல்லி வாடையோடு மூக்கு வழியாகவும் வந்தது. துப்பிய எச்சிலில் சிவப்பு. பாதங்கள், மழையில் கிடந்த தவளை போலச் சில்லிட்டுப் போயின. என் கையைத் தொட்ட கணவர் போய் ஆட்டோவைக் கிளப்பினார்.

வைத்தியசாலையில் என்னைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்து இளம் டொக்டர். என் நகத்தை அழுத்தி விட்டு, நிறம் திரும்புவதற்காகக் காத்திருந்தார். அது மெதுவாகத் திரும்பியது. எப்போது காய்ச்சல் விட்டது என்று கேட்டார். இன்று காலை, தலைக்கும் ஊற்றிவிட்டோம் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“டீச்சர், இந்த வருத்தத்தில காய்ச்சல் விடேக்கதான் ஆபத்துத் தொடங்குது. நீங்கள் முடிஞ்சுது எண்டு முழுகியிருக்கிறீங்கள்.”

இரத்தக் குழாய்களின் சுவர் பொத்தலாகி, இரத்தத்தின் நீர் (திரவவிழையம்) வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் கசிந்துகொண்டிருந்தது. இரத்தத்தை உறையவைக்கும் சிறுதட்டுகள் குறைந்துகொண்டே போயின. பழைய டெங்கு ஒன்றின் தடமும் இரத்தத்தில் இருந்ததாம். எப்போதோ சாதாரணக் காய்ச்சல் என்று கொத்தமல்லி குடித்து அனுப்பியது அதுதானோ என்னவோ. வேறு வகை டெங்கு இரண்டாவதாக வரும்போது முறுகுவதற்கு வாய்ப்பு அதிகம் என்றார். இந்தக் கசிவு நிற்கும்வரை நான் பிழைப்பேனா என்று எவருக்கும் சொல்லத் தெரியாது. டொக்டர் அதை மறைக்கவில்லை.

கட்டிலைச் சுற்றி வலை கட்டினார்கள். நுளம்பிடமிருந்து (கொசு) என்னைக் காக்கத்தான் என்று நினைத்தேன். இல்லையாம். என்னைக் கடித்த நுளம்பு அடுத்த கட்டிலுக்குப் போகக்கூடாது. என்னிடமிருந்துதான் நுளம்பைக் காக்கிறார்கள். அந்த வலைக்குள் மல்லாந்து கிடந்தபோது என் மேல் எனக்கு ஓங்கரித்தது. என் வாய் நாறியது. வயிறு, தண்ணீர் நிரப்பிய தோல்பை போல ஆடியது. எவனோ ஒருவன் மேலிருந்து உறிஞ்சிய இரத்தத்தின் மிச்சம் ஒரு பூச்சியின் எச்சிலோடு எனக்குள் ஊறிக்கொண்டிருந்தது. குளித்துக் கழுவ முடியாத அழுக்கு.

சிறுநீரை அளந்து எழுத வேண்டும், அது குறைந்தால் ஆபத்து என்று தாதி சொன்னார். கணவர் அளவுக் குவளையோடு நின்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் ஒதுங்கியதில்லை. இப்போது அவர் என் சிறுநீரைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அடியில் கொஞ்சம், பழுப்பாய்.

“தேத்தண்ணிக்குச் சாயம் கூடிப் போச்சு சாந்தி.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் ஈறு கசிந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சேலைன் சொட்டை ஏற்றினார்கள், குறைத்தார்கள், மறுபடி ஏற்றினார்கள். அதிகமானால் மூச்சு முட்டும், குறைந்தால் நாடி விழும். எத்தனை தடவை என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு ஒரு விடியலில் குவளை நிறைந்தது. நிறமும் வெளுத்திருந்தது. கசிந்த நீர் திரும்ப இரத்தத்துக்குள் வருகிறது என்றார் டொக்டர். என் உள்ளங்கைகளில் பிடுங்கியெடுக்கும் அரிப்பு தொடங்கியது. அது தேறுவதன் அறிகுறியாம். தோல் சிவந்து, நடுவே வெள்ளைத் தீவுகள். பார்க்கச் சகிக்கவில்லை. பிழைப்பதுகூட இப்படி அசிங்கமாகத்தான் வருகிறது.

உட்கார முடிந்த நாளில் டொக்டரிடம் கேட்டேன். என்னை இப்படிப் புரட்டிப் போட்ட கிருமி அந்தக் கொசுவை ஏன் ஒன்றும் செய்யவில்லை? வைரஸ் அதன் குடலில் நுழைந்து, உடம்பெல்லாம் பெருகி, எச்சிலுக்கு வந்து சேர்கிறது. நுளம்பு அது பாட்டுக்குப் பறக்கிறது என்றார். பிறகு, கேட்காததையும் சொன்னார். வொல்பாகியா என்று ஒரு பக்டீரியா (கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்). பல பூச்சிகளின் உடற்கலங்களுக்குள்ளேயே குடியிருப்பது. தாயிடமிருந்து முட்டைக்குப் போவது. அதை டெங்கு நுளம்புக்குள் ஏற்றிவிட்டால் வைரஸ் பெருகத் திணறுகிறது. வைரசுக்கு வேண்டிய கொழுப்பை அது தின்றுவிடுகிறது என்று ஒரு கருத்து, நுளம்பின் எதிர்ப்பைத் தூண்டிவிடுகிறது என்று இன்னொன்று. அப்படிப்பட்ட நுளம்புகளை வளர்த்துக் கொழும்புப் பக்கம் விட்டும் பார்த்தார்களாம்.

“கொசுவ வளத்து விடுறாங்களா?” என்றேன். குடித்த பால் தொண்டைவரை வந்தது.

“ஓம். அருவருப்பாத்தான் இருக்கும்.”

“அப்ப என்னையக் கடிச்சதுக்குள்ள அது இல்லையா?”

“பத்தைக்காட்டில இருக்கிற மற்ற வகை டெங்கு நுளம்பெண்டால் அதுக்குள்ள இயற்கையாவே ஒரு வகை இருந்திருக்கும். எண்டாலும் அது டெங்கைக் காவிப் பரப்பும். எல்லா வகையும் ஒரே மாதிரி மறிக்காது, டீச்சர். இது மந்திரம் இல்லை.”

மருந்தும் ஒரு தொற்று, காவலும் ஒரு கிருமி. அதிலும் பாதிக் காவல். சுவரைத் திறந்தால் உள்ளே கரையான், கரையானைத் திறந்தால் அதன் குடலுக்குள் இன்னொரு சனம். இரவெல்லாம் எனக்கு அந்தச் சனத்தின் இரைச்சல்.

இதற்கிடையில் லயத்துக்குச் சுகாதாரப் பரிசோதகர் வந்து போயிருந்தார். காற்றுக்குத் தகரம் பறக்காமலிருக்க எல்லாக் கூரையிலும் பழைய டயர்களைப் போட்டிருக்கிறோம். எங்கள் டயருக்குள் தேங்கிய தண்ணீரில் நுளம்புப் புழுக்கள் தலைகீழாய்த் தொங்கித் துடித்தனவாம். என் தலைக்கு நேர் மேலே. டயரை எறிந்தால் கூரை போகும், விட்டால் உயிர் போகும் என்று சண்டை நடந்து, கடைசியில் ஒவ்வொரு டயரிலும் ஓட்டை போட்டுத் தண்ணீர் தங்காமல் செய்தார்கள். பாக்கியம் அக்கா தன் கூரைக்குத் தானே ஏறினாராம்.

மறு பரிசோதனைக்குப் போன அன்று கணவருக்கு ஆட்டோ ஓட்டம் இருந்ததால் தனியாகப் போனேன். எல்லாம் சரி என்றார் டொக்டர். எழுந்திருக்கும்போது கேட்டேன்.

“இனி நான் சுத்தமா?”

“சுத்தமான ஆள் எண்டு ஒருத்தரும் இல்லை. உங்கட குடலுக்குள்ள இருக்கிறதுகளை வெளியில எடுத்தால் நீங்கள் சாப்பிட்டது செமிக்காது. இப்ப டெங்கு வருத்தம் இல்லை. அவ்வளவுதான் நான் சொல்லுவன்.”

திரும்பும் பஸ்ஸில் நல்ல நெரிசல். அந்தி. இந்த நுளம்புக்குக் காலையும் அந்தியும்தான் பசி. அதனால் எனக்கு இப்போது நாள் என்பது இரண்டு கடிவேளைகளுக்கு நடுவே கிடக்கும் ஓர் இடைவெளி. பக்கத்தில் கொழுந்து பறித்துக் களைத்த ஒரு பெண், முன்பின் தெரியாதவள், தூங்கித் தூங்கி என் தோளில் சாய்ந்தாள். தலையில் புகையும் எண்ணெயும் வியர்வையும். வாயோரம் வழிந்த எச்சில் என் சட்டையை நனைத்தது. உடம்பு முழுக்கக் கூசியது. அவள் கையில் ஒரு நுளம்பு உட்கார்ந்தது. அவளைக் குடித்துவிட்டு என்னிடம் வரும். அல்லது என்னிடமிருந்து அவளுக்கு. கையை ஓங்காமல் வாயால் ஊதினேன். பறந்துவிட்டது, எங்கே என்று தெரியவில்லை.

குமட்டல் போகவில்லை. தோளை இழுத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. ஈரம் மெல்ல என் சூட்டுக்கு வந்தது, பிறகு எது அவளுடையது என்று தெரியாமல் போனது. சன்னலுக்கு வெளியே நான் இறங்க வேண்டிய இடம் வந்து, நின்று, பின்னால் போய்க்கொண்டிருந்தது.