நமசிவாயம் ஒப்பமிடாத வாக்குமூலம்

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் இருக்கும் நமசிவாயம் அண்ணை ஒரு பாமசியில் மருந்து கொடுப்பவர். வயது அறுபத்திரண்டு. தேர்தல் வந்தால் தவறாமல் வாக்களிப்பார். யாருக்கு என்று மனைவி நேசத்துக்கும் சொல்லமாட்டார். கீழே நாலுபேர் நின்று அரசியல் கதைத்தால், "லிஃப்ட் வந்திட்டுது" என்று நழுவிவிடுவார். லிஃப்ட் வந்திருக்காது. படியால் ஏறிப் போவார்.

அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. போர் நடந்துகொண்டிருந்த 2008இல் ஒரு சோதனைச் சாவடியில் அவரைப் பிடித்தார்கள். மூன்றாம் நாள் சிங்களத்தில் எழுதிய நான்கு தாள்களை முன்னால் போட்டு, கையெழுத்து வைத்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. வைத்தார். பதினாறு மாதம் உள்ளே இருந்தார். தாள்களில் என்ன எழுதியிருந்தது என்பதை ஒரு சட்டத்தரணி வாசித்துச் சொன்னபோதுதான் அறிந்தார். கடைசியில் வழக்கு ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். அவர் திரும்பி வந்தபோது மகள் ஹம்சிகா அவரிடம் வரப் பயந்து தாயின் பின்னால் ஒளிந்தாள்.

போன வருடம் ஒரு புதன்கிழமை, கல்கிசைப் பக்கம் ஒரு நோயாளிக்கு மருந்து கொடுக்கப் போனவர், காலி வீதியைப் பாதசாரிகளுக்கான மஞ்சள் கோட்டில் கடந்துகொண்டிருந்தார். பக்கத்தில், லொத்தர் சீட்டு விற்கும் பலகையைத் தூக்கியபடி பியசீலி என்ற சிங்களப் பெண். பஸ்கள் நின்று வழிவிட்டன. ஒரு கறுப்பு ஜீப் மட்டும் நிற்கவில்லை. பியசீலி பலகையோடு தூக்கி எறியப்பட்டாள். ஜீப் அந்தப் பகுதி அரசியல்வாதி ஒருவருடையது என்று தெரிந்ததும் கூடிய சனம் கலைந்துபோனது. அண்ணையும் போகத்தான் பார்த்தார். ஆனால் கீழே கிடந்தவள் அவருடைய காற்சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. ஓட்டோவில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார். கொண்டுவந்தவர் யார் என்று கேட்டபோது பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் பொலிசில் இருந்து அழைப்பு வந்தது.

சார்ஜன்ட் மரியாதையாகத்தான் கேட்டார். அண்ணை சிங்களத்தில் சொல்லச் சொல்ல எழுதினார். இவர் சொல்லி முடித்த பிறகும் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு தாளைத் திருப்பி வைத்து, "அத்சன் கரன்ன" என்றார். கையெழுத்து வை. பதினாறு வருடத்துக்கு முன்பு கேட்ட அதே இரண்டு சொல்.

"சேர், எனக்கு வாசிக்க வராது. தமிழில் எழுதித் தாருங்கள்."

"இவ்வளவு நேரம் நன்றாகத்தானே சிங்களம் பேசினாய்?"

"பேச வரும் சேர். வாசிக்க வராது."

சார்ஜன்ட் தாளை எடுத்து வேகமாக வாசித்துக் காட்டினார். காதில் விழுந்தது சரியாகத்தான் இருந்தது. எழுதியிருப்பதும் அதுதானா? அண்ணை பேனாவைத் தொடவில்லை. தமிழ் தெரிந்தவர் நாளை மறுநாள்தான் வருவார், அப்போது வா என்றார் சார்ஜன்ட். அனுப்புமுன் அண்ணையின் வீட்டு விலாசத்தை ஒவ்வொரு சொல்லாக, உரக்கச் சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்டார்.

மறுநாள் பாமசிக்கு முன்பின் தெரியாத ஒருவன் வந்தான். காய்ச்சல் மாத்திரை ஒரு கார்ட் வாங்கினான். "அங்கிள் நல்லாச் சிங்களம் பேசுவாராமே" என்று சிரித்துவிட்டுப் போனான். அண்ணை மிச்சக் காசைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

வீட்டில் ஹம்சிகா அழுதாள். "அப்பா, அந்த மனுசி எங்களுக்கு ஆர்? கேட்ட இடத்தில கையெழுத்தை வச்சிட்டு வாங்கோ. திரும்பவும் என்னால ஏலாது."

"வச்சாலும் பயம்தான் பிள்ளை. அதில என்ன கிடக்கெண்டு தெரியாமல் நான் எப்பிடிப் படுக்கிறது?"

நேசம் எழும்பி உள்ளே போனாள். ஒரு சிறிய பையில் சாரம், துவாய், பிரஷர் குளிசை, பல் துலக்கும் பிரஷ் எல்லாம் வைத்துக் கதவடியில் கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பையோடுதான் அண்ணை பொலிசுக்குப் போனார்.

அன்று அங்கே சப்ரி என்ற கான்ஸ்டபிள் இருந்தார். தாளை ஒருமுறை மனதுக்குள் வாசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அங்கிள், அந்தப் பொம்புள மஞ்சக் கோட்டுக்கு வெளிய, போனப் பாத்துக்கொண்டு றோட்டுல பாஞ்செண்டு இதுல எழுதி ஈக்கி. நீங்க அப்பிடியா சென்ன?"

"இல்லைத் தம்பி. அவ கோட்டுக்கு நடுவில நிண்டவ. நானும் பக்கத்தில நிண்டனான். போன் ஒண்டும் கையில இல்லை."

சப்ரி சார்ஜன்டின் வெறும் கதிரையைப் பார்த்தார். ஒரு வெள்ளைத் தாளை மேசையில் தள்ளினார். "அப்ப உங்கட கையால தமிழ்ல எழுதுங்க. கெதியா."

அண்ணை பதினொரு வரி எழுதினார். முடித்துக் கையெழுத்து வைத்தார். சப்ரி கீழே தன் பெயரையும் இலக்கத்தையும் திகதியையும் போட்டார்.

வழக்கு மூன்று தவணை போனது. ஒவ்வொரு தவணைக்கும் அண்ணை லீவு போட்டுவிட்டுப் போனார். ஊன்றுகோலோடு நீதிமன்ற வாங்கில் இருந்த பியசீலி, அவரைக் கண்டதும் தள்ளி இருந்து இடம் கொடுத்தாள். மூன்றாம் தவணையில் ஜீப் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டான். அவனுடைய சாரதி அனுமதிப்பத்திரத்தை ஆறு மாதத்துக்கு நிறுத்தினார்கள். அண்ணையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவேயில்லை. வீட்டுக்கு வந்தவருக்கு நான்கு நாள் காய்ச்சல். இதற்கிடையில் சப்ரி எங்கோ தூரத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தார். காரணம் எங்களுக்குத் தெரியாது. அண்ணை அதை நினைத்து இன்னும் மனம் புழுங்குகிறார்.

அந்த ஆறு மாதம் முடிந்துவிட்டது. இப்போது காலி வீதியில் கறுப்பு ஜீப் எதைக் கண்டாலும் அண்ணை பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிடுகிறார். போன கிழமை ஒரு புடவைக் கடைக்குள் அப்படி ஏறி, என்ன வேண்டும் என்று கேட்ட பெண்ணுக்குப் பதில் சொல்லத் தெரியாமல், தேவையில்லாத இரண்டு கைக்குட்டைகளோடு வெளியே வந்தார்.