செல்லசாமி கழற்றி வைத்த சிவப்பு விளக்கு

வட்டகொடை ரயில் ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் செல்லசாமியின் வேனைத் தேடி அலைய வேண்டியதில்லை. எங்கே சரிவு இருக்கிறதோ அங்கே நிற்கும், மூக்கைப் பள்ளத்தின் பக்கம் வைத்துக்கொண்டு. கோயிலுக்குப் போனாலும் சரி, சாவு வீட்டுக்குப் போனாலும் சரி, மனுசன் முதலில் தேடுவது வண்டி விட ஒரு சரிவைத்தான். பிரேக்கை விட்டால் உருளும். செகண்ட் கியரில் கிளச்சை விட்டால் பழைய டீசல் எஞ்சின் உறுமிக்கொண்டு எழும்பும். "இம்புட்டு மலையையும் கடவுள் சும்மாவா படைச்சாரு?" என்பார். பத்தொன்பது வருடமாகத் தன் வண்டியை ஒருத்தனும் தள்ளியதில்லை என்று அப்படி ஒரு பெருமை. தள்ளவில்லைதான், மலைதான் தள்ளியது. அதை யார் அவரிடம் சொல்வது?

இந்தப் பெருமைக்குத்தான் இப்போது ஆபத்து வந்தது. மகள் சுலக்ஷனாவுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். தலவாக்கலையில் மண்டபம். மண்டபத்து முற்றம் கேரம் போர்டு மாதிரி சமம். மாப்பிள்ளையின் அப்பா பொன்னையா, கல்யாணம் முடிந்து பெண்ணை வட்டவளையில் தங்கள் வீட்டுக்கு அழைத்துப்போகப் பூ வைத்த கார் ஒன்று அனுப்புவதாகச் சொன்னார். "எம் புள்ளைய நானே கொண்டாந்து விடுவேங்க" என்று இவர் மார்தட்டிவிட்டார். சுலக்ஷனாவும், "அப்பா வேன்லதான் போவேன்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். முதல் நாள் பள்ளிக்கூடம் போனதே அதில்தானே.

வேனோ கொஞ்ச நாளாகவே சோர்ந்து கிடந்தது. ஹோர்ன் அடித்தால் தொண்டை கட்டிய மாதிரி முனகும். பனிமூட்டத்தில் லைட் போட்டால் வண்டிக்குத்தான் வெளிச்சம், ரோட்டுக்கு இல்லை. புது பெட்டரி வாங்கிப் போட்டார். ஒரே வாரத்தில் அதுவும் படுத்துவிட்டது. விற்றவனை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து இளவட்டங்களுக்குக் கொண்டாட்டம். "மாமா, தள்ளுறதுக்கு எத்தன பேரு வேணும்னு கல்யாணக் கார்டுலயே அடிச்சிருக்கலாம்ல?" என்று கேட்டார்கள்.

பட்டுச் சேலையில் மகள் உட்கார்ந்திருக்க, சம்பந்தி வீட்டார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேனைத் தள்ளும் காட்சி மனதில் வந்தது. செவ்வாய்க்கிழமை காலையிலேயே தலவாக்கலையில் வயரிங் வேலை செய்யும் பாவாவிடம் போய் நின்றார்.

"பெட்டரி மோசம், பாவா நானா. நல்லா ஏமாத்திப்புட்டான்."

பாவா பெட்டரியைக் கழற்றிச் சார்ஜில் போட்டார். சாயந்தரம் வரை பொறுத்து, மீட்டரை வைத்துப் பார்த்தார். "பெட்டரிக்கு ஒண்ணுமில்ல. நல்லாத் தாங்குது. பாவம், அந்த மனுசன ஏன் திட்டினீங்க?" அதையே மாட்டி எஞ்சினை ஓடவிட்டு மறுபடியும் மீட்டரை வைத்தார். "ஓடும்போது பதினாலு வோல்ட் காட்டணும். இது பன்னெண்டரையிலேயே நிக்கிது. பெட்டரி செலவழிக்குது, திருப்பி ஒண்ணும் வரல்ல."

"அப்ப ஆல்டர்னேட்டர் போச்சா?" செல்லசாமிக்கு வியர்த்தது.

பாவா பெல்ட்டை அழுத்திப் பார்த்தார், விறைப்பாக இருந்தது. வயர்களை இழுத்துப் பார்த்தார், இறுக்கமாக இருந்தன. எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, "சாவிய மட்டும் திருப்புங்க, ஸ்டார்ட் பண்ண வேணாம்" என்றார். டேஷ்போர்டை எட்டிப் பார்த்தார். "செவப்பு லைட் எங்க?"

செல்லசாமி வேனின் கூரையைப் பார்த்தார்.

"ஒங்களத்தான் கேக்குறன். பெட்டரி படம் போட்ட லைட்டு."

விஷயம் மெல்ல வெளியே வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்த பொன்னையா குடும்பத்தை ஸ்டேஷனிலிருந்து இவர்தான் ஏற்றி வந்தார். பெல்ட் தளர்ந்து, வழியெல்லாம் அந்த விளக்கு எரிந்தது. முன் சீட்டில் இருந்த பொன்னையா, "என்னங்க செவப்பா எரியுது, வண்டியில கோளாறா?" என்று கேட்டுவிட்டார். பெண் கொடுக்கிற இடத்தில் இப்படி ஒரு கேள்வியா! அன்றைக்கே பல்பைப் பிடுங்கினார்; எறியாமல் பத்திரமாகத் தீப்பெட்டியில் போட்டு வைத்தார். மறுநாள் பெல்ட்டையும் இறுக்கிவிட்டார். பல்பைத் திருப்பி மாட்டத்தான் மனசு வரவில்லை.

பாவா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "கோள் சொல்றான்னு அவன வெரட்டிப்புட்டீங்க. இந்தப் பழைய வண்டியில அந்த பல்பு வழியாப் போற கொஞ்சூண்டு கரண்டுதான் ஆல்டர்னேட்டர எழுப்பிவிடும். அவன் இல்லேன்னா அது சும்மா சுத்தும், சார்ஜ் குடுக்காது. நல்லா வெரட்டி ஓட்டினாத் தானா முழிச்சாலும் முழிக்கும். நம்ம ரோட்டுல எங்க வெரட்டுறது? நீங்களோ சரிவுலயே ஸ்டார்ட் பண்றவரு. பெட்டரி செத்தாக்கூடத் தெரியாது."

தீப்பெட்டி வேனுக்குள்ளேயே இருந்தது. பல்பை மாட்டினார் பாவா. சாவியைத் திருப்பியதும் சிவப்பு எரிந்தது, எஞ்சின் எழும்பியதும் அணைந்தது. மீட்டர் பதினாலு காட்டியது. செல்லசாமிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெள்ளிக்கிழமை கல்யாணம் முடிந்து, மத்தியானம் மண்டபத்து முற்றத்தில் சம தரையில் நின்றது வேன். உள்ளே பெண்ணும் மாப்பிள்ளையும், முன் சீட்டில் பொன்னையா. பின்னால் லயத்து இளவட்டங்கள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். செல்லசாமி சாவியைத் திருப்பினார். சிவப்பு எரிந்தது.

"இன்னும் அந்தக் கோளாறு இருக்குங்களா?" என்றார் பொன்னையா.

"எரியலேன்னாத்தாங்க கோளாறு" என்று சொல்லிக்கொண்டே செல்ஃப் அடித்தார். ஒரே அடி. எஞ்சின் எழும்பியது, விளக்கு அணைந்தது. பின்னால் நீட்டிய கைகள் நீட்டியபடியே நின்றன. யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் அந்த இளவட்டங்களைத் திரும்பிப் பார்த்து நக்கலாக இரண்டு வார்த்தை கேட்டிருப்பார்கள். செல்லசாமி திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். மூன்று நாளாக வண்டி எடுத்தால் போதும், எடுத்தால் போதும் என்று தவித்தவர், எடுத்தால் அவள் போய்விடுவாள் என்பதை அப்போதுதான் நினைத்தார்.

"என்னங்க, அதான் ஸ்டார்ட் ஆயிருச்சே. எடுங்க, நேரமாகுது" என்றாள் பின் சீட்டில் இருந்த மனைவி அழகம்மா.

"இரு புள்ள" என்றார். "கொஞ்சம் சார்ஜ் ஏறட்டும்."

அந்த விளக்கு அணைந்தால் வண்டியை எடுக்கலாம் என்று சுலக்ஷனாவுக்குத் தெரியும். அணைந்துவிட்டதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பின்னாலிருந்து அவர் தோளில் கை வைத்தாள்.

"ஏறட்டும்ப்பா" என்றாள்.