அண்ணன் மேல் சாமி வந்த மத்தியானம்

இதை எழுத நினைத்துப் பல வருஷம் ஆகிறது. ஒவ்வொரு திருவிழா முடிந்ததும் பேனாவை எடுப்பேன், பயந்து வைத்துவிடுவேன். கங்கையம்மன் காரியத்தில் வார்த்தை பிசகினால் என்ன ஆகுமோ என்ற பயம் ஒன்று. அண்ணனுக்கு இப்போது பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்களே என்ற தயக்கம் ஒன்று. எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதினால் யார் படிப்பார்கள் என்ற கூச்சம் வேறு. கடைசியில் அண்ணனிடமே கேட்டேன். வலையிலிருந்து தலையைத் தூக்காமல், “எழுது. ஆனா என்னை நல்லவன்னு எழுதித் தொலைக்காத” என்றான். அதனால் எழுதுகிறேன். குற்றம் குறை இருந்தால் தாய் பொறுக்கட்டும்.

பழவேற்காட்டில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் ஏரியுமாக இருக்கிற குப்பங்களில் ஒன்று எங்களுடையது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. நைனா காசிமேட்டு விசைப்படகுக்குப் போய்விட்டார். போனால் பல நாள் கடலிலேயே தங்கிவிட்டுத்தான் திரும்புவார். வீட்டில் அம்மா, நான், பத்தாவதோடு படிப்பை விட்ட அண்ணன்.

அந்த வருஷம் அண்ணனால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பான், எழுந்தால் வெளியே போவான், போன வேகத்தில் திரும்பி வருவான். பாதிச் சோற்றில் கை கழுவுவான். கூப்பிட்டால் எரிந்து விழுவான். அவன் மேல் எப்போதும், பெயிண்டில் கலக்கிற தின்னர் வாடை அடிக்கும். ஃபைபர் படகு பழுது பார்க்கிற கொட்டகைக்கு வேலைக்குப் போகிறான் என்று அம்மா சொல்லியிருந்ததால், வேலை செய்கிறவன் மேல் வேலை வாடை அடிக்கத்தானே செய்யும் என்று இருந்தேன். அம்மாவும் நிலைகொள்ளாமல் இருந்தாள். குழம்பைக் கிளறுகிறவள் கரண்டியோடு வாசலுக்கு வந்து தெருவைப் பார்ப்பாள். “இன்னாம்மா?” என்றால், “கம்முனு போய்ப் படி” என்பாள்.

அம்மா எதற்குப் பயந்தாள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டில் அம்மாவின் கூடப் பிறந்த அக்கா, என் பெரியம்மா. பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், மகளிர் குழுவுக்குத் தலைவி. அவள் மகனும், தின்னரை மோந்து போதை ஏற்றிக்கொள்கிற இதே பழக்கத்தில் விழுந்தவன். ஊர்க்கூட்டம் வைத்து, கம்பத்தில் கட்டி அடித்து, இனிமேல் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குப் பெரியம்மா வாய் திறக்கவில்லை. பையன் திருந்தி வருவான் என்று ஊரோடு சேர்ந்து அவளும் நம்பினாள். பொன்னேரி ஸ்டேஷனில் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார். அதற்கப்புறம் பார்த்தவர் இல்லை. அந்த அண்ணன் தூர தேசத்தில் வேலையாக இருக்கிறார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

கங்கையம்மனுக்குக் காப்புக் கட்டுகிற நாள் வந்தது. ஊரே கோயிலைச் சுற்றிப் பரபரத்துக்கொண்டிருந்தது. நான் கோயிலுக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய படகுப் பக்கம் போனேன். அங்கே அண்ணன் உட்கார்ந்திருந்தான். தலை இப்படியும் அப்படியும் ஆடியது. கண் பாதி மூடி, உள்ளே சிவப்பு. உதடு எதையோ முணுமுணுத்தது. “அண்ணா” என்றேன். என்னைப் பார்த்தான், ஆனால் யாரென்று தெரிந்த மாதிரி இல்லை.

போன திருவிழாவில் அருள் வந்த ஒரு அத்தையை இதே மாதிரி பார்த்திருக்கிறேன். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தெருவுக்கு ஓடினேன்.

“எங்க அண்ணன் மேல சாமி வந்துடுச்சு! எங்க அண்ணன் மேல சாமி வந்துடுச்சு!”

எங்கள் ஊரில் மீன் வந்தது என்று கத்தினால்கூட அவ்வளவு பேர் வரமாட்டார்கள். முதலில் வந்தது பெரியம்மாவும் பூசாரியும். பின்னாலேயே பெண்கள். அம்மா வந்தாள். அண்ணனைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். பக்தியில் அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கும் கொஞ்சம் அழுகை வந்தது.

கரையிலிருந்து ஊர்த்தலைவரும் ஆண்களும் சத்தம் கேட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

பெரியம்மா குனிந்து அண்ணன் முகத்தை மோந்தாள். நிமிர்ந்து, “பூசாரி, காப்புக் கயிறு எடு” என்றாள்.

“யக்கா, இது இன்னா வாடைன்னு உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியாத வாடையா? தெரிஞ்சிகினுதான் சொல்றேன். தோ வந்துகினு கீறாங்க பாரு. சீக்கிரம் எடு.”

“சாமி பேர்ல பொய் சொல்லச் சொல்றியே, அடுக்குமா?”

“நான் எங்கய்யா சொன்னேன்? குழந்தை சொல்லிச்சு. திருவிழா அன்னிக்குக் குழந்தை வாயில வந்தது யாரு வாக்குன்னு நீதான் சொல்லேன்.”

பூசாரி என்னைப் பார்த்தார். நான் பெருமையாக நின்றேன். சாமி வந்தால் ஒரு வாடையும் வரும் போலிருக்கிறது என்று மனசில் குறித்துக்கொண்டேன்.

அதற்குள் யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அண்ணன் தலையில் கொட்டிவிட்டார்கள். இன்னொருத்தி வேப்பிலையால் முகத்தைத் துடைத்தாள். பெண்கள் சத்தமாக அம்மன் பாட்டு எடுத்தார்கள். ராகம் ஆளுக்கு ஒன்றாக இருந்தது. தலைவர் வந்து “இன்னா இங்க கூட்டம்?” என்று கேட்டபோது, பூசாரி குனிந்து அண்ணன் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே, “தாய் இவனைக் கேட்டுகினா” என்றார். தலைவர் அண்ணனையும் கயிற்றையும் பார்த்தார். பிறகு தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். அவருக்கு மூக்கு இல்லையா என்று இப்போது யோசிக்கிறேன்.

எங்கள் ஊர்க் காப்புக்குச் சட்டம் கடுமை. கட்டினவர்கள் திருவிழா முடிகிறவரை எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. கோயிலிலேயே ஒன்றாகப் படுத்து, ஒன்றாகச் சாப்பிட வேண்டும். போதை, லாகிரி எதுவும் தொடக் கூடாது. தனியாக எங்கும் போகக் கூடாது. தவறினால் கடலில் இருக்கிற படகுக்கு ஆகாது என்பார்கள்.

மறுநாள் ஒரு சிக்கல் வந்தது. அண்ணனுக்குக் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். பொன்னேரி டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும் என்று அம்மா தவித்தாள். காப்போடு எல்லை தாண்டக் கூடாதே என்று பூசாரி கையைப் பிசைந்தார்.

பெரியம்மா கேட்டாள்: “காப்புக் கட்னவன்தானே தாண்டக் கூடாது? டாக்டரம்மா தாண்டக் கூடாதுன்னு எவன் சொன்னான்?”

குழு மூலமாகச் சொல்லி அனுப்பி, நர்ஸம்மாவோடு டாக்டரம்மா வந்துவிட்டார். கோயில் பந்தலில் காப்புக் கட்டிய எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பொதுவாகப் பார்த்தார், பேசினார். யாரையும் தனியாகச் சுட்டவில்லை. முடிந்து அவர் ஆட்டோவில் ஏறப்போனபோது, யாரும் எதிர்பார்க்காத இரண்டு பையன்கள் பின்னாலேயே போய், “டாக்டரம்மா, ஒரு நிமிசம்” என்றார்கள். தலைவரின் தம்பி மகன் அதில் ஒருவன்.

ஆனாலும் அண்ணன் அடங்கவில்லை. கூண்டில் போட்ட மாதிரி பந்தலைச் சுற்றிச் சுற்றி நடந்தான். ஒரு நாள் எல்லாரும் கூழ் ஊற்றுகிற வேலையில் இருக்கும்போது விறுவிறுவென்று சவுக்குத் தோப்பு வழியாகப் போனான். நான் பின்னால் ஓடினேன். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம், தார் ரோட்டில், அவனுடைய பழைய கூட்டாளிகள் பைக்கில் காத்திருந்தார்கள். ஹாரன் அடித்தார்கள்.

“அண்ணா, தாண்டாத! நைனா கடல்ல கீது!”

கல்லுக்கு ஒரு அடி முன்னால் நின்றான். திரும்பி என்னைப் பார்த்தான். முகமெல்லாம் வேர்வை.

“ஏய், போடி வூட்டுக்கு. என் மேல சாமியும் வரல ஒண்ணும் வரல. தெரியுமா உனக்கு?”

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

“இன்னாது?”

“சாமி வந்தவங்களுக்கு சாமி வந்தது தெரியாதுன்னு பெரிம்மா சொல்லிச்சே. எனக்குத்தான் தெரியும். நான்தான் பார்த்தேன்.”

அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துக்கொண்டே மணலில் உட்கார்ந்தான். பிறகு அது சிரிப்பு மாதிரி இல்லை. ரோட்டிலிருந்து ஹாரன் விடாமல் அடித்தது. நான் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் எழுந்தால் என்னால் பிடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் பொன்னேரியிலிருந்து வந்த ஷேர் ஆட்டோ நின்றது. பெரியம்மா காலிக் கூடையோடு இறங்கினாள். பைக்கைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், கல்லுக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களைப் பார்த்தாள். கூடையைக் கல்லின் பக்கத்தில் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள்.

“இன்னாடா, காத்தாட வந்தியா?”

“ம்.”

“நல்ல காத்துதான். நானும் ஒக்கார்றேன்.” பைக் பக்கம் திரும்பி, “நீங்களும் வாங்கடா, கூழ் குடிச்சிட்டுப் போங்க. உங்களுக்கும் கயிறு கீது” என்றாள். பைக் கிளம்பிவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஆட்டோ வந்தபோது அதில் இறங்குகிறவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அதற்கடுத்த ஆட்டோவிலும் பார்த்தாள். வேறு யாரையோ எதிர்பார்க்கிறாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் அவனாகவே எழுந்து, அவள் கூடையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு கோயில் பக்கம் நடந்தான்.

திருவிழா முடிந்து காப்பு அவிழ்த்தார்கள். மற்றவர்கள் கத்திக்கொண்டு கடலில் குதித்தார்கள். அண்ணன், தன் கயிறு மட்டும் இருக்கட்டுமே என்று பூசாரியிடம் கெஞ்சினான். “அதுக்கு வழக்கம் இல்லப்பா” என்று அவர் அறுத்துவிட்டார்.

எனக்கு விளங்காதது அதற்குப் பிறகுதான். சாமியும் மலையேறியாயிற்று, கையில் கயிறும் இல்லை. ஆனாலும் அண்ணனைத் தனியாக விடவே மாட்டார்கள். காப்புக் கூட்டாளிகள் சாயங்காலம் ஆனால் வந்து கடற்கரையில் பந்து விளையாட இழுத்துப்போவார்கள். பூசாரி விளக்கேற்றக் கூப்பிடுவார். அவன் டாக்டரம்மாவைப் பார்க்கப் பொன்னேரி போகிற நாளிலெல்லாம் குழுப் பெண்களில் ஒருத்திக்கு அங்கே ஏதாவது வேலை இருக்கும். ஊரில் இத்தனை பேருக்கு வேறு வேலையே இல்லையா, எங்கள் அண்ணன் பின்னாலேயே ஏன் சுற்றுகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். அம்மன் வந்து குணமாக்கினாள் என்று சொல்லி டாக்டரம்மாவை எடுத்துவிடாதீர்கள். பெண்கள் கூடி நாடகம் ஆடினார்கள் என்று சொல்லி அம்மனை எடுத்துவிடாதீர்கள். அவள் யார் மேல் வந்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகும் அண்ணன் இரண்டு தடவை அந்தப் பழக்கத்தில் விழுந்தான். இரண்டு தடவையும் யாராவது கூடப் போய் உட்கார்ந்தார்கள். அதை மட்டும் விட்டுவிடவே கூடாது. விட்டுச் சொன்னால், இன்றைக்கு விழுந்துகிடக்கிற ஒரு பிள்ளையைப் பெற்றவள், இந்தக் கதை தன் வீட்டுக்கு இல்லை என்று நினைத்துக்கொள்வாள்.