காதோரம் போன குத்து

விருத்தாசலத்தில் செராமிக் வேலை பார்க்கும் ஆட்களை டீக்கடையில் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். கிளாஸை மேசையில் டொக்கென்று வைக்கமாட்டார்கள். பலகையைத் தொடுவதற்கு ஒரு நூல் முன்னால் கை நின்றுவிடும். அப்புறம் கிளாஸ் தானாக இறங்குவதுபோல் இறங்கும். வீரமுத்துவின் கை அப்படிப்பட்ட கை.

பொம்மைக் கம்பெனியில் சூளைக்கு அடுக்குகிற வேலை அவருக்கு. அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பச்சைப் பொம்மைகளைத் தட்டிலிருந்து எடுத்து, ஒன்றோடொன்று உரசாமல் சூளை வண்டியில் நிறுத்தவேண்டும். வேகாத மண். விரல் கொஞ்சம் அழுந்தினால் பிள்ளையாருக்குத் தும்பிக்கை போய்விடும், கிருஷ்ணனுக்குப் புல்லாங்குழல் போய்விடும். வீரமுத்து அடுக்கிய வண்டியில் சாமிகள் எல்லாம் உடம்பில் குறையில்லாமல் வெளியே வருவார்கள் என்று மேஸ்திரியே சொல்வார். சட்டிபானை செய்த குடும்பம்தான். ஆனால் அதைப் பற்றியெல்லாம் அவர் பெருமையடித்து யாரும் கேட்டதில்லை. பெருமைப்பட அவருக்கு வேறு விஷயம் இருந்தது. அதன் பெயர் துர்காதேவி.

கல்யாணமாகி நெடுநாள் கழித்துப் பிறந்த ஒரே பெண். பிறந்த அன்று குழந்தையைக் கையில் கொடுத்த நர்ஸம்மா, இந்த ஆள் மூச்சு விடுகிறாரா இல்லையா என்று பயந்துபோனாராம். அத்தனை அசையாமல் ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறார். அன்றிலிருந்து அவளை அப்படியேதான் வைத்துக்கொண்டிருந்தார். கை ஓங்கியது கிடையாது. மனைவி சுலோச்சனா கரண்டியைத் தூக்கினால் குறுக்கே அவர் முதுகு வந்து நிற்கும். முதுகில் விழுந்த கரண்டி அடிக்கு அவர் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

பெண்ணைக் கராத்தேயில் சேர்த்தது சுலோச்சனாதான். "நாம எத்தினி நாளைக்குக் கூடவே போவ முடியும்? அவ கை கால அவளே காப்பாத்திக்கட்டும்" என்றாள். வீரமுத்துவுக்கு இஷ்டமில்லை. ஆனாலும் அவர் வாயும் அவர் கையைப் போலத்தான், பட்டென்று எதையும் சொல்லாது.

ஆனந்தராஜ் மாஸ்டரின் டோஜோ ஒரு பழைய ரைஸ்மில்லின் நெற்களத்தில் இருந்தது. டோஜோ என்றால் கராத்தே பழகுகிற இடம். அங்கே மேலே தகரக் கொட்டகை, கீழே நெல் காயவைத்த சிமெண்டுத் தரை. மாஸ்டர் பகலில் மின்வாரியத்தில் லைன்மேன், சாயங்காலம் ஷோட்டோகான் கராத்தே. அவர் மனைவி செல்வநாயகியும் கறுப்பு பெல்ட். மாஸ்டரிடம் பிள்ளைகளுக்கு மரியாதை, செல்வநாயகியிடம் பயம். அது குடும்பங்கள் வந்துபோகிற டோஜோ. ஓரமாக அம்மாக்கள் முறுக்கு டப்பாவோடு உட்கார்ந்திருப்பார்கள். கைக்குழந்தைகள் புத்தகப்பை மேல் தூங்கும். சில அம்மாக்களே வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வீரமுத்து மட்டும் வாசல் கேட்டில் சாய்ந்துகொண்டு, பெண்ணுக்கு எங்காவது அடிபடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் செல்வநாயகி நேரே அவரிடம் வந்தார்.

"ஏண்ணே, எத்தினி நாளைக்கு இப்டி சாஞ்சிக்கிட்டு நிப்பீங்க? கேட்டு வுழறதுக்குள்ள உள்ள வந்துடுங்க."

"இந்த வயசுலயாம்மா?"

"பெல்ட்ட வயசுலயா கட்றோம்? இடுப்புலதான கட்றோம். வாங்க."

இப்படித்தான் வீரமுத்து கராத்தேக்காரர் ஆனார். அங்கே வயசுக்கு மரியாதை கிடையாது, பெல்ட்டுக்குத்தான். ஊதா பெல்ட் துர்கா வரிசையின் தலைப்பக்கம் நிற்பாள். அப்பா கடைசியில், இரண்டாம் வகுப்புப் பொடிசுகளோடு. ஜோடி சேர்ந்தால் சின்ன பெல்ட்தான் முதலில் குனிந்து "ஓஸ்" என்று வணக்கம் சொல்லவேண்டும். பெண்ணுக்கு முன்னால் அப்பா குனிவார். அவளும் முகத்தைக் கல்மாதிரி வைத்துக்கொண்டு குனிவாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரிப்பாள்.

கம்பெனியில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கூட வேலை பார்க்கும் பழமலைநாதனுக்கு இதுதான் வெற்றிலை பாக்கு. "இன்னாண்ணே, பொண்ணு கால்ல வுழுந்துட்டு வந்தியா?" என்பான். "கால் வரைக்கும் இல்லப்பா, இடுப்பு வரைக்குந்தான்" என்பார் வீரமுத்து. சிரித்தவர்களில் ஒருவனாவது தன் பெண்ணோடு ஒருமணி நேரம் சேர்ந்து நின்றிருப்பானா என்று கேட்டால் பதில் வராது.

வெயில் தாழ்ந்ததும் அப்பாவும் மகளும் மொட்டைமாடியில் பழகுவார்கள். தாக்குபவர் "ஜோடான்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு அடி முன்னால் வைத்து முகத்தில் குத்தவேண்டும். எதிரில் நிற்பவர் முன்கையை மேலே தூக்கி அதைத் தட்டிவிட்டு, திருப்பி ஒரு குத்து விடவேண்டும். அந்தத் திருப்பிக் குத்தும் கை மட்டும் உடம்பில் படாமல் நிற்கவேண்டும். வீரமுத்து "ஜோடான்" என்று மாடி அதிரச் சொல்வார். கால் ஒழுங்காக வரும். கைதான் கடைசி நேரத்தில் விலகும். குத்து துர்காவின் காதோரமாகப் போய், முடியைக்கூடக் கலைக்காமல் நிற்கும். அவர் வேண்டுமென்று செய்ததில்லை. இத்தனை வருஷம் பச்சைப் பொம்மை தொட்ட கைக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. துர்கா தட்டுவாள், அப்பா "சபாஷ் கண்ணு" என்பார், கீழே சுலோச்சனா பஜ்ஜிக்குக் கூப்பிடுவாள். அவர் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நேரம் அதுதான்.

இரண்டாயிரத்து ஆறு, சித்திரையில் பிரவுன் பெல்ட் தேர்வு வந்தது. பாண்டிச்சேரியிலிருந்து பெரிய மாஸ்டர் வந்து மேசை போட்டு உட்கார்ந்தார். துர்காவுக்கு ஜோடியாக சேத்தியாத்தோப்புக் கிளையிலிருந்து வந்த ஒரு பெண் நின்றாள். "ஜோடான்" என்றாள். குத்தினாள். நேராகக் குத்தினாள், அப்படித்தான் குத்தவேண்டும். துர்காவின் கை மெதுவாக, பழக்கப்பட்ட வேகத்தில், பழக்கப்பட்ட இடத்துக்குப் போயிற்று. குத்து உதட்டில் விழுந்தது. வெள்ளை உடுப்பில் ரத்தம்.

குத்திய பெண்தான் முதலில் அழுதாள். துர்கா அழவில்லை. பெரிய மாஸ்டர் அடுத்த தேர்வுக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டார்.

உதட்டு வீக்கம் வடிந்த பிறகு செல்வநாயகி கேட்டார்: "வூட்ல யாரோட பழகுற?"

"அப்பாவோட மேடம்."

செல்வநாயகி வீரமுத்துவைக் கூப்பிட்டு எதிரில் நிற்கவைத்தார். "எம் மூஞ்சியில குத்துங்கண்ணே."

"ஐயோ, உங்களையாம்மா?"

"குத்துங்க."

"ஜோடான்" என்று சொல்லி அவர் குத்தினார். செல்வநாயகி கையைத் தூக்கவே இல்லை, இமையைக்கூட அசைக்கவில்லை. முஷ்டி அவர் காதோரமாகப் போய் நின்றது.

"நான் தடுக்கவே இல்ல. எம்மேல படலியே. பாத்தீங்களாண்ணே?"

வீரமுத்து பார்த்தார். பக்கத்தில் நின்ற துர்காவும் பார்த்தாள்.

"அப்பா, இத்தினி நாளும் நீ பொய்யாவா குத்துன?"

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. ஆச்சரியமாகக் கேட்டாள். அந்த ஆச்சரியம் அவரை அறுத்தது. அடிபடக் கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்த உதட்டைக் கிழித்தது தன்னுடைய கைதான் என்று அந்த நெற்களத்தில் நின்றபோது அவருக்குத் தெரிந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார். ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு துர்காவுக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. முகத்துக்கு எதிரில் யார் கையைத் தூக்கினாலும் கண்ணை மூடிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண் ரப்பரைத் தூக்கிப் போட்டால்கூட மூடிவிடுவாள். ஒருநாள் உடுப்பை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, "நான் இனிமே போவல" என்றாள்.

வீரமுத்துவுக்கு உள்ளூர நிம்மதி. "சரி கண்ணு, வேணாம்னா வேணாம்" என்றார்.

சுலோச்சனா அரிவாள்மணையை விட்டு எழுந்தேவிட்டாள். "இன்னா சரி? இன்னிக்குக் கராத்தேக்கு கண்ண மூடுறா. நாளைக்கி பஸ்ஸுல எவனாவது கைய வெச்சா அப்பவும் மூடிக்குவாளா? பச்சப் பொம்மைய பதனமா எடுக்குறது நீங்கதான். அப்புறம் அத சூளைக்குள்ள தள்றதும் நீங்கதான? இவள மட்டும் பச்சையாவே பரண்ல வெச்சிருக்கப் போறீங்களா?"

மறுநாள் வீரமுத்து செல்வநாயகியிடம் போய், "மூஞ்சியில குத்தக் கத்துக்குடுங்கம்மா" என்று கேட்டார். ஐம்பதை எட்டிப்பிடிக்கப் போகிற மனுஷன் இப்படிக் கேட்டும் செல்வநாயகிக்குச் சிரிப்பு வரவில்லை. "வூட்லயே ஆரம்பிங்க" என்றார்.

வீட்டில் சுலோச்சனா தலையணையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் குத்து தலையணைக்குப் பக்கத்தில் போயிற்று. அடுத்ததும் அப்படியே. "செவுத்துல இருக்குற பல்லிக்கா கராத்தே சொல்லித்தரீங்க?" என்று தலையணைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பல நாள் கழித்து ஒரு குத்து நட்டநடுவில் விழுந்தது. சுலோச்சனா தடுமாறிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவர் பதறிப்போய் ஓடினார். அவள் பஞ்சு ஒட்டிய தலையோடு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த துர்கா வாசற்படியிலேயே நின்றாள். அப்பா இந்த வயதில் தலையணையோடு மல்லுக்கட்டுவது யாருக்காக என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் உடுப்பைப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்தாள்.

செல்வநாயகி அவளைத் தன் ஜோடியாக வைத்துக்கொண்டு, மெள்ள ஆரம்பித்து வேகம் கூட்டிக் கூட்டிக் கண்ணைத் திறக்கவைத்தார். அப்பாவும் மகளும் மட்டும் ஜோடி சேரவில்லை. அவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. மொட்டைமாடி காலியாகவே கிடந்தது.

அடுத்த தேர்வு ஐப்பசியில். சிக்குன்குனியா ஊரையே முடக்கிப்போட்ட சமயம் அது. பெண்ணாடத்திலிருந்து வரவேண்டியவர்கள் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்களும் முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்குகிற கிழவர்கள்மாதிரி நடந்தார்கள். துர்காவுக்கு ஜோடியாக நிற்கவேண்டிய பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள். செல்வநாயகிக்கே கை மூட்டு வீங்கியிருந்தது. ஆனந்தராஜ் மாஸ்டர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார்.

"எங்கப்பா நிக்கட்டும் மாஸ்டர்" என்றாள் துர்கா.

மாஸ்டர் தயங்கினார். சித்திரையில் நடந்தது அவருக்கு மறந்திருக்குமா? "மஞ்ச பெல்ட்டும்மா அவரு. இன்னொரு வாட்டி போச்சுன்னா..."

"அவரு நல்லா குத்துவாரு மாஸ்டர்."

வீரமுத்து வந்து எதிரில் நின்றார். குனிந்து "ஓஸ்" என்றார். நிமிர்ந்தபோது, யாருக்கும் கேட்காத குரலில் அவள் சொன்னாள்: "அப்பா, நெஜமா."

எதிரில் இருந்தது, பிறந்த அன்று அவர் அசையாமல் ஏந்திக்கொண்டு நின்ற முகம். சித்திரையில் கிழிந்த உதட்டில் சின்னதாக ஒரு வெள்ளைத் தழும்பு. இந்த முகத்தைக் குத்துவதைவிடத் தன் கையை வெட்டிக்கொள்வது சுலபம் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அவள் கண் திறந்திருந்தது. அகலத் திறந்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பெற்றவன் மூடிக்கொண்டால் நியாயமா?

"ஜோடான்!"

கால் போயிற்று. கையும் போயிற்று. விலகாமல், நேரே, மூக்குக்குப் போயிற்று.

துர்காவின் முன்கை கீழிருந்து எழும்பி அவர் கையில் மோதிய சத்தம், முறுக்கு டப்பாவோடு உட்கார்ந்திருந்த அம்மாக்கள் வரைக்கும் கேட்டது. வலி தோள்பட்டை வரை ஏறியது. அடுத்த நொடி அவள் முஷ்டி அவர் விலாவுக்கு வந்து, சட்டையைத் தொட்டு, உடம்பைத் தொடாமல் நின்றது. ஒரு நூல் இடைவெளி. அந்த நிறுத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். அது மொட்டைமாடியில் அவர் கை தினமும் நின்ற நிறுத்தம். பொய்யாகக் குத்திய அத்தனை சாயங்காலத்திலிருந்தும் அவள் இந்த ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

மறுபடி "ஜோடான்" என்றார். மறுபடியும். ஒரு குத்துகூடக் காதோரம் போகவில்லை, அவளும் ஒருமுறைகூடக் கண்ணை மூடவில்லை. முடித்துக் குனிந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வேர்வையைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டார். ஓரத்தில் சுலோச்சனா யாரிடமும் மறைக்காமல் அழுதுகொண்டிருந்தாள்.

பெரிய மாஸ்டர் பிரவுன் பெல்ட்டைக் கையில் கொடுத்தார். துர்கா அதை வாங்கி, முறைப்படி குனிந்து, வரிசை கலையும்வரை கல்மாதிரி நின்றாள். கலைந்ததும் ஓடிவந்து அப்பாவின் கையைத்தான் முதலில் பிடித்துப் பார்த்தாள். "வலிக்குதாப்பா?"

"வலிக்குது கண்ணு" என்றார். அன்றைக்கு அவர் பொய் சொல்லவில்லை.

மறுநாள் வலது முன்கை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. இடது கையாலேயே பிள்ளையார்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சூளை வண்டியில் வைத்துக்கொண்டிருந்தார். பழமலைநாதன் எட்டிப்பார்த்தான்.

"அடப்பாவமே, உனக்கும் வந்துடுச்சா சிக்குன்குனியா? லீவு போட்டுட்டு வூட்டுக்குப் போண்ணே."

வீரமுத்து கையிலிருந்த பிள்ளையாரைப் பதனமாக இறக்கி வைத்தார். அப்புறம் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே நன்றாகச் சுருட்டி, முன்கையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"சிக்குன்குனியாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. எம்பொண்ணு அடிச்சது."

அன்று முழுக்க அவர் சட்டைக் கையை இறக்கிவிடவே இல்லை. கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களையும் கூப்பிட்டுச் சொன்னார்.